கட்டும் அவிழ்ப்பும்

மாதத்தில் ஒரு ஞாயிறு, நண்பர்கள் ஐவர், கையில் புளியோதரைப் பொட்டலம், பையில் ஏதேனும் ஒரு நூல். முக்கொம்புப் பயணம் என்றால் எங்களுக்கு இவ்வளவுதான். திருச்சிராப்பள்ளியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஒன்றாய் வரும் காவிரி அங்கே இரண்டாய்ப் பிரிகிறது. தெற்கே செல்லும் கிளை காவிரி என்ற பெயரைத் தானே வைத்துக்கொள்ள, வடக்கே செல்வது கொள்ளிடம் ஆகிறது. இரண்டிற்கும் நடுவே திருவரங்கத் தீவு தொடங்குகிறது. ஆற்றைப் பார்த்தபடி நடந்துகொண்டே, படித்த நூலைப் பற்றியும் எழுதியவரைப் பற்றியும் சண்டையிட்டுக் கொள்வது எங்கள் வழக்கம்.

அண்மையில் சென்றபோது நடந்த சண்டை நூலைப் பற்றியதன்று. தொடையில் கட்டும் ஒரு பட்டையைப் பற்றியது!

எங்களுள் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ஐயா என்றே அனைவரும் அழைப்போம். மாணவர்களை ஆண்டுதோறும் மலைக்கோட்டைக்கு அழைத்துச் சென்று, நானூற்றுக்கும் மேற்பட்ட படிகளை அவர்களுக்கு முன்னால் ஏறி, மகேந்திரவர்மர் குடைவரையைக் காட்டி வந்தவர். சென்ற ஆண்டு வீட்டு மாடிப்படியில் கால் பிசகி, முழங்கால் ஜவ்வு அறுந்து, அறுவை செய்துகொண்டார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் இரண்டே மாதங்களில் அந்தத் தொடை பார்க்கப் பொறுக்காத அளவிற்கு மெலிந்து போயிற்று. தசையை வளர்க்க எடை தூக்க வேண்டும்; எடை தூக்கினால் புதிதாய்த் தைத்த முழங்கால் தாங்காது. இந்த இடுக்கில் அவர் நின்றபோதுதான், இயன்முறை மருத்துவர் புதிய முறையொன்றைச் சொல்லியிருக்கிறார். காற்றடைக்கும் பட்டை ஒன்றைத் தொடையின் மேற்பகுதியில் கட்டி, காலுக்குச் சென்று திரும்பும் குருதியை ஓரளவு தடுத்து வைத்துக்கொண்டு, மிகச்சிறிய எடையில் பயிற்சி செய்வது. மருத்துவர்கள் இதனை 'பி.எஃப்.ஆர்.' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். குருதியோட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஐயா இதை மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டு வர, லால்குடிப் பக்கத்து உழவர் குடும்பத்திலிருந்து வந்த நண்பர் சட்டென்று நின்றுவிட்டார்.

"வேண்டாம் ஐயா. காலைக் கட்டுவது என்றாலே எனக்கு ஆகாது. எங்கள் சித்தப்பாவுக்கு அப்படித்தான் கால் போயிற்று."

நெல்வயலில் விரியன் தீண்டிய இரவில், ஊரார் முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுகக் கட்டி, வண்டி கிடைத்து மருத்துவமனை சேரும் வரை அவிழ்க்காமல் வைத்திருந்தார்களாம். உயிர் தப்பியது. கட்டிய இடத்திற்குக் கீழே கால் தப்பவில்லை. அன்றிலிருந்து இறக்கும் வரை அவர் ஊன்றுகோலோடுதான் வரப்பில் நடந்தார்.

ஒருவருக்குக் காலைத் திருப்பித் தரும் என்று சொல்லப்படும் கட்டு, இன்னொருவரின் காலை எடுத்துக்கொண்ட கட்டு. இரண்டும் ஒன்றா, வேறு வேறா? இந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் விடையில்லை. அதன்பின் சில வாரங்கள் தேடிப் படித்தவற்றை வரிசைப்படுத்தியதே இக்கட்டுரை. நாங்கள் மருத்துவர்கள் அல்லர். வரலாற்றைப் படிப்பவர்களின் கண்கொண்டே இதைப் பார்த்திருக்கிறோம்.

ஒரு சொல்

தமிழாசிரியர்களின் சண்டை எங்கே தொடங்கினாலும் சொல்லில் வந்து முடிவது இயல்பு. 'கட்டு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆற்றின் குறுக்கே நிற்பது அணைக்கட்டு. உறுதியான மேனி உடற்கட்டு. முறிந்த எலும்புக்குப் போடுவது கட்டு. அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் கருநீலமாய்க் கன்றி நிற்பது இரத்தக்கட்டு. புண் வந்தால் நெறிகட்டுகிறது. ஏரிப்பாசனத்தில் எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்று மடையைத் திறந்து மூடும் ஊர்ப்பணியாளருக்கு நம் நாட்டில் நீர்க்கட்டி என்று பெயர். இவை எல்லாவற்றையும் ஆளும் நெறிக்குக் கட்டுப்பாடு என்று பெயர்.

நன்மையும் தீமையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். உடற்கட்டும் இரத்தக்கட்டும் ஒரே வேரில் பிறந்தவை. நண்பரின் அச்சமும் ஐயாவின் நம்பிக்கையும் மொழிக்குள்ளேயே சேர்ந்து கிடக்கின்றன என்பதில் எங்களுக்கு ஒரு சிறு வியப்பு. நிற்க.

முக்கொம்பு சொல்லும் பாடம்

சண்டை நடந்த இடமே ஒரு கட்டின் வரலாறு என்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவு மிகுந்தது, கடலுக்குச் செல்லும் வழியும் குறைவு. தடுப்பார் இல்லையென்றால் நீர் அந்தப் பக்கமே ஓடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு, நீரின் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சைத் தரணி வறண்டது. சென்னை மாகாணப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையை எழுப்பினார். அதே காலத்தில் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. மணற்படுகையில் அடித்தளம் நிற்பது எப்படி என்பதைக் காட்டன் கற்றது கல்லணையிடமிருந்துதான். கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது. கல்லணையை அவன் பெயரோடு சேர்த்துச் சொல்வது நெடுங்கால மரபு. அந்த மரபின் கடைசி மாணவர்களுள் ஒருவர் ஓர் ஆங்கிலேயர் என்பது வரலாற்றின் விளையாட்டு.

மேலணை வானளாவிய அணையன்று. மேட்டூரைப் போல் நீரைத் தேக்கி வைப்பதும் அதன் வேலையன்று. தாழ்வான தடுப்பு அது. பெருவெள்ளம் வந்தால் நீர் கடந்து போகலாம். மற்ற நாள்களில் கொள்ளிடத்திற்குப் போகும் நீர் சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்தில் காவிரிக்கு உரிய பங்கு காவிரிக்குப் போகும்.

ஆனால் கதை 1836-இல் முடியவில்லை. கட்டு அளவுக்கு மேல் வேலை செய்துவிட்டது! காவிரிக்குள் பாய்ந்த நீர் அதன் படுகையை அரிக்கத் தொடங்கியது. அப்படியே விட்டிருந்தால் காவிரியின் தலைப்பு ஆழமாகிக்கொண்டே போய், கரையோர ஊர்களுக்கு வேறுவகைத் துன்பம் வந்திருக்கும். எனவே 1845-இல் காவிரியின் குறுக்கேயும் படுகை மட்டத்தைக் காக்கும் ஒரு தடுப்பு அமைக்கப்பட்டது. ஒரு கிளையைக் கட்டியதால் வந்த விளைவை ஒன்பது ஆண்டுகள் பார்த்து, அளந்து, மறு கிளையையும் ஓரளவு கட்டித் திருத்தினார்கள்.

எவ்வளவு கட்டுவது என்பதை ஆறுதான் சொல்லிக் கொடுத்தது. கட்டியவர் உடனிருந்து பார்த்ததால் அது பாடமாயிற்று. இதை நினைவில் வைத்துக்கொண்டு, நீரை விட்டுக் குருதிக்கு வருவோம்.

இறுக்கம் இருவகை

உடம்பைக் கட்டும் வழக்கம் மிகப் பழையது. சுசுருத சங்கிதையின் கற்பத்தானம், பாம்பு தீண்டினால் கடிவாய்க்கு நான்கு விரற்கடை மேலே கட்ட வேண்டும் என்கிறது. நஞ்சு மேலே ஏறாமல் தடுப்பதே நோக்கம். லால்குடி வயலில் அன்றிரவு கயிறு தேடியவர்கள் மூடர்கள் அல்லர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு மருத்துவ மரபொன்று அவர்கள் கைகளில் இருந்தது.

அந்த மரபு அறியாதது ஒன்று உண்டு. குருதி எப்படி ஓடுகிறது என்பதே அது. அதனை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி. அவருடைய சிறு நூல் 1628-இல் பிராங்க்பர்ட்டில் வெளிவந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அந்நூலில் ஹார்வி செய்து காட்டிய சோதனைகளுள் ஒன்று, கையைக் கட்டுவது!

முதலில் மேற்கையை மிக இறுக்கமாகக் கட்டுகிறார். கட்டுக்குக் கீழே நாடித்துடிப்பு நின்றுவிடுகிறது. கை குளிர்கிறது. கட்டுக்கு மேலே தமனி விம்மித் துடிக்கிறது. பிறகு கட்டைச் சற்றே தளர்த்துகிறார், முழுதும் அவிழ்க்கவில்லை. உடனே கீழ்க்கை சிவந்து வீங்குகிறது. சிரைகள் முடிச்சு முடிச்சாய்ப் புடைத்து நிற்கின்றன. தளர்ந்த கட்டு, ஆழத்திலுள்ள தமனியின் வழியே குருதியை உள்ளே வரவிடுகிறது. தோலுக்கு அருகில், மெல்லிய சுவருடைய சிரையின் வழியே வெளியேற விடவில்லை. எனவே குருதி தமனியால் வந்து சிரையால் திரும்புகிறது என்று ஹார்வி முடிவு கூறினார்.

அந்தப் பக்கங்களைப் படித்தபோது எங்களுக்கு முக்கொம்பு நினைவுக்கு வந்தது. நண்பருக்கும் ஐயாவுக்கும் இடையிலான வழக்குக்கு விடை, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. கட்டுகள் இரண்டு. முழுக்கட்டு வேறு, அரைக்கட்டு வேறு. சித்தப்பாவின் காலில் இருந்தது முதலாவது. ஐயாவின் தொடையில் கட்டப்படுவது இரண்டாவது.

முழுக்கட்டும் வீணானதன்று. 1718-இல் பாரிசு நகர அறுவை மருத்துவர் ழான் லூயி பெத்தி, திருகாணி வைத்து இறுக்கித் தளர்த்தும் கருவியைச் செய்தார். 1873-இல் செருமனியின் எஸ்மார்க் ரப்பர்ப் பட்டையைக் கொண்டுவந்தார். 1904-இல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் காற்றழுத்தப் பட்டையை அறுவைக்கூடத்திற்குள் எடுத்து வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1896-இல், இத்தாலியின் ரிவா-ரோச்சி குருதியழுத்தம் அளக்கும் கைப்பட்டையை உருவாக்கியிருந்தார். நம் ஊர் மருந்தகங்கள் வரை வந்துவிட்ட அந்தக் கருவியின் மூதாதை அதுவே.

கயிற்றிலிருந்து காற்றுப்பட்டைக்கு வந்ததில் உள்ள மாற்றம் பெரியது. கயிறு எவ்வளவு இறுக்குகிறது என்று கயிற்றுக்கே தெரியாது. காற்றுப்பட்டைக்குத் தெரியும், எண்ணாகச் சொல்லும். முழங்கால் அறுவைகளிலும் தொடையில் இத்தகைய பட்டை கட்டுவது வழக்கம். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வைப்பதில்லை. அறுவைக்கூடத்தில் ஒருவர் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த வயல்வெளி இரவில் இல்லாமற்போனவை, அளவைக் காட்டும் எண்ணும் நேரத்தைக் காட்டும் கடிகாரமும்தாம்.

1966: வேலூரும் சப்பானும்

தசை வலிமை என்றாலே எடைதான் என்பது உலகம் முழுவதும் இருந்த எண்ணம். நம் சிற்றூர்களில் இன்றும் கோயில் முற்றத்திலோ மந்தையிலோ கிடக்கும் இளவட்டக்கல்லைப் பார்க்கலாம். அதைத் தோளுக்கு மேல் ஏற்றியவனுக்கே இளைஞன் என்ற பட்டம். மறுவாழ்வு மருத்துவமும் இதே வழியில்தான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற படைவீரர்களுக்கு அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம் படிப்படியாகக் கூடும் கனத்த எடைகளைக் கொண்டு பயிற்சியளித்து, அதன் பயனை 1945-இல் எழுதினார். ஒருவர் ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 60 முதல் 70 விழுக்காடாவது தூக்கினால்தான் தசை வலுப்பெறும் என்பது பின்னர் நிலைத்த விதி.

ஆனால் அறுவை முடித்தவர், முதியவர், மூட்டு தேய்ந்தவர் ஆகியோர் அந்த எடைக்கு எங்கே போவது?

மறுவாழ்வு என்ற இந்தச் சிக்கலைத் தமிழ் மண்ணில் முதலில் முழுமையாக எதிர்கொண்ட ஊர் வேலூர். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் அங்கே உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முன்னோடி. அறுவை முடிந்த பின்னும் மருத்துவம் முடிவதில்லை, நோயாளி தம் வாழ்க்கைக்குத் திரும்பும்வரை அது நீள்கிறது என்ற எண்ணம் நம் நாட்டில் கட்டடமாக எழுந்த ஆண்டு அது.

அதே 1966-இல் சப்பானில், யோஷியாக்கி சாட்டோ என்ற 18 வயது இளைஞர் நீத்தார் நினைவுச் சடங்கொன்றில் மடித்த கால்கள் மீது நெடுநேரம் அமர்ந்திருந்தார். கால்கள் மரத்துப் போயின. கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டபோது, கடும் உடற்பயிற்சிக்குப் பின் வரும் விம்மலைப் போன்றதொரு விம்மலை உணர்ந்தார். பந்தியில் நெடுநேரம் சம்மணமிட்டு எழும்போது கால் மரத்துப்போவது நமக்கும் பழக்கந்தான். நாம் காலை உதறிவிட்டுப் பாயசத்தைப் பற்றிப் பேசப் போய்விடுகிறோம். அவர், குருதி தடைப்பட்டதுதான் இந்த விம்மலுக்குக் காரணமோ என்று யோசித்தார். மிதிவண்டி ட்யூப், கயிறு, பட்டை என்று கிடைத்ததையெல்லாம் தம் கைகால்களில் கட்டிச் சோதித்தார். கட்டின் இடமும் இறுக்கமும் தெரியாமல் செய்த அந்தச் சோதனைகளின்போது நுரையீரல் குருதிக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர நேர்ந்தது என்பதும் அவர் வரலாற்றில் உண்டு. அவர் உயிர் பிழைத்தது நற்பேறு. அந்தச் சோதனையை இன்று எவரும் திரும்பச் செய்து பார்க்கத் தேவையில்லை.

1973-இல் பனிச்சறுக்கு விளையாட்டில் அவருக்குக் கணுக்கால் முறிந்தது. முழங்கால் ஜவ்வும் அடிபட்டது. மாவுக்கட்டுப் போட்ட காலில், தம் பட்டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நாள்தோறும் பயிற்சி செய்தார். கட்டைப் பிரித்தபோது தசை எதிர்பார்த்த அளவு மெலியவில்லை. தம் முறைக்கு அவர் வைத்த பெயர் 'காட்சு'. கூட்டிய அழுத்தம் என்று பொருள்.

கட்டுக்குக் கீழே நடப்பது

ஒருவரின் அனுபவம் மருத்துவமாகிவிடாது. ஆய்வுக்கூடம் அதை ஏற்க வேண்டும். 2000-இல் தக்கராதா என்ற ஆய்வாளரும் குழுவினரும், ஐயாவுக்கு அறுந்த அதே வகை ஜவ்வுக்கு அறுவை செய்துகொண்ட 16 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதியினருக்கு அறுவை முடிந்த மூன்றாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை, நாளுக்கு இருமுறை, தொடையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் அழுத்தம், மூன்று நிமிடம் தளர்வு என்று ஐந்து சுற்றுகள். எடையும் இல்லை, பயிற்சியும் இல்லை. கட்டுவதும் அவிழ்ப்பதும் மட்டுமே. பட்டை கட்டாதவர்களுக்கு முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 21 விழுக்காடு குறைந்தது. கட்டியவர்களுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு.

இதையே முடிந்த முடிவென்று கொள்ள முடியாது. 2016-இல் நார்வேயில் விளையாட்டு வீரர்களிடம் செய்த இதுபோன்ற ஆய்வில் அந்தப் பயன் காணப்படவில்லை. கட்டு மட்டும் போதுமா என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. ஆனால் கட்டோடு சிறு எடைப் பயிற்சியும் சேரும்போது வரும் பயனுக்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. மறுவாழ்வு குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த மதிப்பீடு, வெறும் சிறு எடையை விடக் கட்டோடு கூடிய சிறு எடை தசையை மிகுதியாக வலுப்படுத்துகிறது என்றும், கனத்த எடைக்கு அது முழு ஈடாகாது என்றும் சொல்கிறது. கனத்த எடை தூக்க முடிந்தவருக்கு இது தேவையில்லை. முடியாதவருக்கு, முடியும் நாள் வரும் வரை, இது ஒரு பாலம்.

கட்டுக்குக் கீழே என்னதான் நடக்கிறது? எளிய எடையைத் தூக்கும்போது, சோர்வறியாத சிறு இழைகளே வேலையை முடித்துவிடும். வலிமைக்குரிய பெரு இழைகள் உறங்கிக்கொண்டிருக்கும். உள்வரும் குருதி குறைந்து, வெளியேற வேண்டியதும் தேங்கும்போது, தசைக்கு உயிர்வளி போதவில்லை. லாக்டிக் அமிலம் முதலான எச்சங்கள் கழுவப்படாமல் சேர்கின்றன. சிறு இழைகள் களைத்துவிட, பெரு இழைகள் எழுந்து வர நேர்கிறது. தூக்குவது இரண்டு கிலோ. தசைக்குத் தோன்றுவதோ இளவட்டக்கல்! தேங்கிய குருதியால் தசையணுக்கள் வீங்குவதும் வளர்ச்சிக்கு ஒரு தூண்டுதல் என்று கருதுகிறார்கள். இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பது ஆய்வில் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் பட்டை தளர்த்தப்படுகிறது. தேங்கியது வெளியேறப் புதுக்குருதி பாய்கிறது.

எவ்வளவு கட்டுவது என்ற முக்கொம்புக் கேள்வி இங்கும் வருகிறது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சில எண்களைத் தருகிறது. முதலில், குறிப்பிட்ட அந்த நோயாளியின் காலில் தமனி ஓட்டம் முழுதும் நிற்கும் அழுத்தம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அதில் 40 முதல் 80 விழுக்காடு மட்டுமே பயிற்சியின்போது வைக்க வேண்டும். எடை, உச்ச எடையில் 20 முதல் 40 விழுக்காடு. முதற்சுற்றில் 30 முறை, அடுத்த மூன்று சுற்றுகளில் 15 முறை வீதம், மொத்தம் 75. சுற்றுகளுக்கு இடையே 30 முதல் 60 நொடி ஓய்வு. பட்டை அகலமானால் குறைந்த அழுத்தமே போதும். குறுகினால் கூட வேண்டும். ஆகவே ஒருவர் தொடைக்குச் சரியான எண் இன்னொருவர் தொடைக்குப் பிழையான எண். ஆளுக்கு ஆள் அளந்தாக வேண்டும். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் வயலின் பரப்பும் பயிரும் பார்த்து மடை திறந்த நீர்க்கட்டிக்கு இது விளங்காத செய்தியன்று.

அச்சத்தின் நியாயம்

அப்படியானால் லால்குடி நண்பரின் அச்சம் வெறும் அச்சமா? இல்லை என்பதே எங்கள் முடிவு.

2006-இல் சப்பானில் இப்பயிற்சி அளிக்கும் நிலையங்களில் எடுத்த கணக்கெடுப்பு, 12,642 பேரைப் பற்றியது. அவர்களுள் 13 விழுக்காட்டினருக்குத் தோலடியில் இரத்தக்கட்டு வந்திருக்கிறது. மரமரப்பு 1.3 விழுக்காடு. சிரையில் குருதி உறைதல் 0.055 விழுக்காடு, நுரையீரல் அடைப்பு 0.008 விழுக்காடு. பெருங்கேடுகள் அரிதினும் அரிது என்பது தெரிகிறது. இல்லவே இல்லை என்பது தெரியவில்லை. அந்தக் கணக்கும் பயிற்சி பெற்றோர் கண்காணிப்பில் நடந்தவற்றின் கணக்கு. முன்பு குருதி உறைவு வந்தவர்கள், அரிவாளணுச் சோகை உடையவர்கள், கட்டுக்குள் வராத குருதியழுத்தம் உடையவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோருக்கு இம்முறை ஏற்றதன்று என்றோ, மருத்துவர் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்றோ எச்சரிக்கிறார்கள்.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் ஒருவர் கைகால்களில் பட்டை கட்டிய காட்சிகள் உலகெங்கும் பரவின. அதன்பின் ரப்பர் நாடாக்களை இணையத்தில் வாங்கித் தாமே கட்டிக்கொள்ளும் இளைஞர்களை நாங்கள் பார்க்கிறோம். எங்கள் வகுப்பறையிலும் ஒருவன் இருந்தான். தோளருகே நாடா பதிந்த தழும்பைப் பெருமையோடு காட்டினான். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டோம். "இழுத்துக் கட்டினா நல்லா ஏறும் சார்" என்றான். அந்த நாடாவில் எண் இல்லை. ஆகவே அது ரிவா-ரோச்சிக்கு முந்தைய கயிறுதான். நிறம் மட்டும் புதிது.

பாம்புக்கடிக்கும் ஒரு சொல். இந்திய நடுவண் அரசு 2016-இல் வெளியிட்ட மருத்துவ நெறிமுறை, கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்டக் கூடாது என்றே கூறுகிறது. விரியன் நஞ்சு திசுக்களைச் சிதைக்கும் இயல்புடையது. கட்டினால் நஞ்சு ஓரிடத்தில் தேங்குகிறது, புதுக்குருதியும் வருவதில்லை, உறுப்பு அழிகிறது. தீண்டிய உறுப்பை அசைக்காமல் வைத்து, கீறாமல், உறிஞ்சாமல், விரைந்து மருத்துவமனை சேர்வதே வழி. ஏற்கெனவே கட்டி வந்திருந்தால் அதனையும் வழியில் சட்டென்று அவிழ்க்கலாகாது. மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். சித்தப்பாவின் கதையில் கட்டியவர்கள் இருந்தார்கள். எப்போது, எப்படி அவிழ்ப்பது என்று அறிந்தவர் எவரும் இல்லை.

கட்டிய பின்னும் கண்காணிப்பு ஓயக்கூடாது என்பதற்கு முக்கொம்பிலேயே ஒரு சான்று உண்டு. 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு, கொள்ளிடம் கதவணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. மறுநாள் காலை திருச்சியே அங்கே திரண்டு நின்றது நினைவிருக்கலாம். பின்னர் அதற்கு மாற்றாகப் புதிய கதவணை கட்டப்பட்டது. 1836-இல் நன்றாகக் கட்டியாயிற்று என்று எவரும் நிம்மதியாக உறங்கிவிட முடியாது.

இவற்றையெல்லாம் தொகுத்து அடுத்த மாதப் பயணத்தில் நாங்கள் பேசினோம். லால்குடி நண்பர் குறுக்கிடாமல் கேட்டார். ஹார்வியின் இரு கட்டுகளைச் சொன்னபோது மட்டும், "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார். சொன்னோம். சற்று நேரம் ஆற்றையே பார்த்திருந்துவிட்டு ஐயாவிடம் கேட்டார்.

"அளந்து பார்த்துத்தான் கட்டுகிறார்களா ஐயா?"

"ஒவ்வொரு முறையும் அளக்கிறார்கள் தம்பி. முடிந்ததும் அவர்களே தளர்த்துகிறார்கள். ஒருநாள்கூட என்னைத் தனியே விட்டுப் போனதில்லை."

"அடுத்த முறை நானும் உடன் வருகிறேன்" என்றார் நண்பர். சொன்னபடியே போனார். அரைமணி நேரம் பட்டையின் அழுத்தமானியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஐயாவின் தொடை இன்னும் முழுதாய்த் தேறவில்லை. பட்டையோடு இரண்டு கிலோவில் தொடங்கியவர், இப்போது பட்டையில்லாமல் சற்றுக் கூடிய எடைக்கு வந்திருக்கிறார். மலைக்கோட்டையில் தாயுமானவர் சந்நிதி வரை கைப்பிடியைப் பிடித்தபடி ஏறிவிட்டார். மேலேயுள்ள குடைவரைக்கு இன்னும் படிகள் இருக்கின்றன. வரும் பருவத்தில் மாணவர்களோடு அங்கே ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார். நாங்களும் உடன் செல்கிறோம்.